தண்ணி பாட்டிலுக்கு எம்.ஆர்.பி. கிடையாதா? ஓட்டல் பில்லின் கதை

(எபிசோடின் எடிட் செய்த எழுத்து வடிவம். பேச்சு நடையைப் பெரும்பாலும் அப்படியே விட்டிருக்கிறேன். திரும்பத் திரும்பச் சொன்னதையும், நடுவில் குக்கர் விசில் அடித்த இடத்தையும் மட்டும் நீக்கியிருக்கிறேன்.)

இன்னிக்கு எபிசோட் ஒரு பில்லுல இருந்து ஆரம்பிக்குது.

போன வருஷம் எங்கப்பாவுக்கு அறுபது வயசு முடிஞ்சுச்சு. அப்பாவையும் அம்மாவையும் சென்னைக்கு வரவச்சு, ஒரு நட்சத்திர ஓட்டலுக்குச் சாப்பிடக் கூட்டிட்டுப் போனேன். எந்த ஓட்டல்னு கேக்காதீங்க, அது இந்தக் கதைக்குத் தேவையில்ல. எனக்கு ஊர் விஸ்வநத்தம். சிவகாசியை ஒட்டி இருக்கு. அப்பா முப்பது வருஷத்துக்கு மேல பிரஸ்ல கட்டிங் மெஷின் ஓட்டினவர். அம்மா மொதல்ல தீப்பெட்டி ஆபீஸ், அப்புறம் பட்டாசு ஆபீஸ். எங்க ஊர்ப்பக்கம் ஃபேக்டரியையும் ஆபீஸ்னுதான் சொல்வோம். காலேஜ்ல "அம்மா ஆபீஸ் போறாங்க"ன்னு சொன்னப்போ, ஃப்ரெண்ட்ஸ் எல்லாரும் எங்கம்மா பேங்க்ல வேலை பாக்குறாங்கன்னு நெனச்சிட்டு இருந்தாங்க. நானும் திருத்தல.

ஓட்டல்ல மெனு கார்டு வந்துச்சு. அப்பா அதை வாசிக்கவே இல்ல. தடவிப் பார்த்தார். ஓரத்தை லேசா வளைச்சுப் பார்த்தார். "முந்நூறு ஜி.எஸ்.எம். ஆர்ட் போர்டு. மேட் லேமினேஷன். பேருக்கு மட்டும் கோல்டு ஃபாயில் அடிச்சிருக்கான். சுத்தமான வேலை"ன்னார். அன்னிக்கு அந்த மேஜையில அவர் பாராட்டினது அது ஒண்ணைத்தான்.

சாப்பாடு வந்துச்சு. கோழிக் குழம்பு வெதுவெதுப்பா இருந்துச்சு. புரோட்டாவை நாலா வெட்டி, கூம்பா அடுக்கி, மேல ஒரு கறிவேப்பிலையை நட்டு வச்சிருந்தாங்க. அம்மா ஒரு துண்டைப் பிச்சுப் பார்த்துட்டு, பக்கத்துல யாருக்கும் கேக்காம, "ஏய்யா, இது காலைல போட்டதோ?"ன்னு கேட்டாங்க.

பில் 7,840 ரூபாய். அப்பா "எம்புட்டுய்யா?"ன்னார். "ரெண்டாயிரம்ப்பா"ன்னு சொன்னேன். மறுநாள் அம்மா துணி துவைக்கும்போது பேன்ட் பாக்கெட்ல இருந்து அந்தக் காகிதத்தை எடுத்துட்டாங்க. அப்பா திட்டல. பொறுமையா ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்: "நீ ஏமாந்துட்டியா, இல்ல எங்களுக்குக் காட்டணும்னு கூட்டிட்டுப் போனியா?"

அன்னிக்கு என்கிட்ட பதில் இல்ல. பொய் சொன்னதை விட, பதில் சொல்ல முடியாததுதான் ரொம்ப நாள் உறுத்துச்சு. நான் எஞ்சினியர். ஒரு சிஸ்டம்ல இருந்து தப்பான அவுட்புட் வந்தா, அது என்ன இன்புட்டை வச்சுக் கணக்குப் போடுதுன்னு தேடுவேன். ஓட்டல் விலைங்கிற சிஸ்டம் எதை அளக்குது? சுவையையா? இந்தக் கேள்வி என்னைச் சாதி வரலாறு, சுப்ரீம் கோர்ட், எமர்ஜென்சின்னு எங்கெங்கயோ கூட்டிட்டுப் போச்சு. வாங்க.

அச்சடிச்ச விலை

மொதல்ல ஒரு உண்மையை ஒத்துக்கிறேன். எங்க ஊர்க்காரனுக்கு அச்சடிச்ச விலை மேல பெரிய மரியாதை கிடையாது. தீபாவளிக்கு ஒரு மாசம் முன்னாடி சிவகாசி ரோட்டுல வந்து பாருங்க. கடைக்குக் கடை "80% தள்ளுபடி" போர்டு. ஆயிரம் ரூபாய்னு அச்சடிச்ச கிஃப்ட் பாக்ஸ் இருநூறுக்குக் கிடைக்கும். அந்த ஆயிரம், தள்ளுபடியைக் காட்டுறதுக்காகவே அச்சடிச்சது. உள்ள இருக்கிற வெடிக்கும் அந்த எண்ணுக்கும் சம்பந்தமே இல்ல. அந்த அட்டையையும் எங்க ஊர்லதான் அச்சடிக்கிறோம்.

ஆனா எங்க மாவட்டத்துலயே இதுக்கு நேர் எதிரான இடம் ஒண்ணு இருக்கு. விருதுநகர் மார்க்கெட். நம்ம வீட்டுப் பெரியவங்க பேப்பர்ல "விருதுநகர் மார்க்கெட் நிலவரம்"னு ஒரு பத்தி படிச்சிருப்பாங்க. பருப்பு, மல்லி, வத்தல், எண்ணெய்னு பெரிய பட்டியல். சுத்தி வானம் பாத்த கரிசல் பூமி. அங்க விளையாத பொருளுக்கெல்லாம் அந்த ஊர் விலை சொல்லும். அங்க விலையும் தரமும் பெரும்பாலும் ஒட்டியே போகும். ஏன்னா வியாபாரி மொதல்ல வத்தலைக் கையில எடுப்பார். காம்பைப் பார்ப்பார், உடைச்சு மோந்து பார்ப்பார். அதுக்கப்புறம்தான் விலை பேச்சு. வாங்குறவர், விக்கிறவர் ரெண்டு பேருக்கும் சரக்கு தெரியும்.

1970-ல பிலிப் நெல்சன்ங்கிற அமெரிக்கப் பொருளாதார அறிஞர் இதைத்தான் ரெண்டா பிரிச்சார். வாங்குறதுக்கு முன்னாடியே பார்த்துத் தரத்தைத் தெரிஞ்சுக்கிற பொருள் ஒரு வகை. அனுபவிச்சாத்தான் தரம் தெரியும்ங்கிற பொருள் இன்னொரு வகை. வத்தல் மொத வகை. ஓட்டல் சாப்பாடு ரெண்டாவது வகை. ஆர்டர் பண்ணும்போது உங்ககிட்ட இருக்கிறது ஒரு பேரும் ஒரு எண்ணும் மட்டும்தான். ருசி தெரியுறதுக்குள்ள ஒத்துக்கிட்டாச்சு. வேற தகவல் இல்லாதப்போ நம்ம மனசு அந்த எண்ணையே தகவலா எடுத்துக்குது: "இவ்வளவு விலைன்னா நல்லாத்தான் இருக்கும்."

உயர்தரம்னா என்ன?

சரி, விலைக்கு முன்னாடி நம்ம ஊர்ல ஓட்டல் தரத்தை எதை வச்சு அளந்தாங்க? இந்த இடம் கொஞ்சம் கசப்பானது.

நூறு வருஷம் முன்னாடி தமிழ்நாட்டு டவுன்கள்ல காபி கிளப், ஓட்டல் எல்லாம் பரவ ஆரம்பிச்சப்போ, "சுத்தமான சாப்பாடு"ங்கிற வார்த்தைக்கு அர்த்தம், யார் சமைச்சாங்க, யார் பக்கத்துல உக்காந்து சாப்பிடுறோம்ங்கிறதுதான். பல ஓட்டல்ல பிராமணர்களுக்குத் தனி இடம், மத்தவங்களுக்குத் தனி இடம். தலித் மக்களுக்குப் பல இடங்கள்ல வாசலே கிடையாது. ரயில்வே ஸ்டேஷன் சிற்றுண்டிச் சாலையிலகூட பிராமணர், பிராமணர் அல்லாதவர்னு பிரிச்சு போர்டு இருந்துச்சு. பெரியார் தொடர்ந்து எதிர்த்து, 1941-லதான் அந்தப் பிரிவினையை ரயில்வே எடுத்துச்சு. சுதந்திரம் வந்து பத்து வருஷம் கழிச்சு, 1957-ல, சென்னை திருவல்லிக்கேணியில ஒரு ஓட்டல் பேர்ப் பலகையில இருந்த "பிராமணாள்"ங்கிற வார்த்தையை எடுக்கச் சொல்லி திராவிடர் கழகம் மாசக்கணக்குல மறியல் பண்ணுச்சு.

இப்பவும் தெருவுக்குத் தெரு "உயர்தர சைவ உணவகம்"னு போர்டு பார்க்கிறோம். தாழ்ந்த தரம்னு யாரும் போர்டு வைக்கிறதில்ல. அந்த "உயர்தர" சாம்பாரைப் பத்திச் சொல்லுதா, சமையல்காரரைப் பத்திச் சொல்லுதான்னு எனக்கு ரொம்ப நாளா ஒரு சந்தேகம்.

போர்டு போச்சு, தனி வரிசை போச்சு. ஆனா யார் உள்ள வரலாம், யார் வரக்கூடாதுங்கிறதை வடிகட்டுற வேலை முழுசா போகலைன்னுதான் நினைக்கிறேன். அந்த வேலையில ஒரு பகுதியை விலை எடுத்துக்கிச்சு. நம்ம ஊர் ஓட்டல்கள்ல "ஏ.சி. ஹால்"னு ஒண்ணு இருக்குமே, யோசிச்சுப் பாருங்க. ஒரே சமையல்கட்டு, ஒரே மாஸ்டர், ஒரே கல்லுல வார்த்த தோசை. கண்ணாடிக் கதவுக்கு இந்தப் பக்கம் ஒரு விலை, அந்தப் பக்கம் வேற விலை. கூடக் குடுக்கிற காசு கரண்டு பில்லுக்கு மட்டும்னு சொல்ல முடியாது. கூட்டம் கம்மி, சத்தம் கம்மி, "நம்மள மாதிரி ஆளுங்க" மட்டும் இருப்பாங்க. அதுக்கும் சேர்த்துத்தான்.

இந்தக் கண்ணாடிக் கதவை அரசாங்கமே வரி போட்டு அங்கீகரிச்ச காலமும் இருந்துச்சு. 2017 ஜூலைல ஜி.எஸ்.டி. வந்தப்போ ஏ.சி. இல்லாத ஓட்டலுக்கு 12 சதவீதம், ஏ.சி. இருந்தா 18. தோசைக்கு வரியில்ல, காத்துக்கு வரி! அந்த வருஷம் நவம்பர்ல ரெண்டையும் 5 சதவீதமா மாத்தினாங்க. நாள் வாடகை 7,500 ரூபாய்க்கு மேல ரூம் வச்சிருக்கிற ஓட்டல்களுக்கு மட்டும் 18 தொடர்ந்துச்சு. நான் அப்பா அம்மாவைக் கூட்டிட்டுப் போனது அந்த வகை. நாங்க ரூம் எடுக்கல. ஆனா எங்க புரோட்டாவுக்கு, மேல் மாடியில யாரோ தூங்குற ரூமோட வாடகையைப் பொறுத்துத்தான் வரி.

சாப்பாடு கோர்ட்டுக்குப் போச்சு

இப்போ எனக்கு ரொம்பப் பிடிச்ச பகுதி. "ஓட்டல்ல நீங்க எதுக்குக் காசு குடுக்கிறீங்க?"ங்கிற கேள்வியை இந்தியாவோட சுப்ரீம் கோர்ட்டே உக்காந்து யோசிச்சிருக்கு.

1978. நார்தர்ன் இந்தியா கேட்டரர்ஸ்னு ஒரு கம்பெனி. டெல்லி அரசாங்கம் அவங்க ரெஸ்டாரன்ட்ல பரிமாறுற சாப்பாட்டுக்கு விற்பனை வரி கேட்டுச்சு. நாங்க சாப்பாட்டை விக்கவே இல்ல, சேவைதான் பண்றோம்னு கம்பெனி வாதாடுச்சு. கேட்டா சிரிப்பு வரும், ஆனா கோர்ட் அதை ஏத்துக்கிச்சு. இதுக்குப் பின்னாடி ஒரு பழைய சட்டப் பார்வை இருக்கு. சத்திரக்காரர் விருந்தாளிக்குச் சோத்தை விக்கிறதில்ல, பசியாத்துறார். தட்டுல மிச்சம் வச்சது விருந்தாளிக்குச் சொந்தமும் இல்ல. இன்னிக்கு "பார்சல் பண்ணிக் குடுங்க"ன்னு நாம சர்வசாதாரணமா கேக்குறோம்ல, அந்தப் பழைய பார்வைப்படி அதைக் கேக்க நமக்கு உரிமையே கிடையாது.

மாநிலங்களுக்கு வரி வருமானம் அடிவாங்குச்சு. 1982-ல அரசியல் சட்டத்துல 46-வது திருத்தம் கொண்டு வந்து, ஓட்டல்ல சாப்பாடு பரிமாறுறதையும் விற்பனையாவே கருதணும்னு எழுதினாங்க. நாலு இட்லிக்கு வரி போட, அரசியல் சட்டத்தைத் திருத்த வேண்டியிருந்துச்சு!

அடுத்து 2017 டிசம்பர். இந்தத் தடவை பிரச்சினை தண்ணி பாட்டில். பாட்டில் மேல எம்.ஆர்.பி. 20 ரூபாய்னு இருந்தா, ஓட்டல்காரர் அதை நூத்துக்கு விக்கலாமா? விக்கலாம்னு சுப்ரீம் கோர்ட் சொல்லுச்சு. ஒரு பாட்டில் தண்ணி வாங்குறதுக்காக யாரும் பெரிய ஓட்டலுக்குள்ள போறதில்ல. அந்த இடத்துல உக்காந்து, அந்தச் சூழலை அனுபவிக்கத்தான் போறாங்க. தண்ணியையும் அந்தச் சேவையையும் பிரிக்க முடியாதுங்கிறதுதான் வாதம்.

இந்தத் தீர்ப்பு முதல்ல எனக்குக் கோபத்தைத்தான் குடுத்துச்சு. அப்புறம் யோசிச்சப்போ, எல்லாரையும் விட நேர்மையா பேசினது இந்தத் தீர்ப்புதான்னு பட்டுச்சு. மூடி சீல் உடையாத தண்ணி பாட்டில் ரெண்டு இடத்துலயும் ஒண்ணுதான். மாஸ்டர் கைப்பக்குவம்னு ஒண்ணும் அதுல கிடையாது. அதுக்கே அஞ்சு மடங்கு விலைன்னா, அந்தக் கூடுதல் காசு எதுக்குன்னு சந்தேகத்துக்கே இடமில்ல. நாற்காலிக்கு. வாடகைக்கு. வாசல்ல சல்யூட் அடிக்கிறவர் சம்பளத்துக்கு. அப்பா தடவிப் பார்த்த அந்த கோல்டு ஃபாயிலுக்கு. அந்தத் தண்ணி பாட்டிலோட லாஜிக்கைப் புரோட்டாவுக்கும் கோழிக்கும் போட்டுப் பாருங்க, பில் புரிய ஆரம்பிக்கும். ரெஸ்டாரன்ட் தொழில்ல பொதுவா சொல்ற கணக்கே, மெனு விலையில மூணுல ஒரு பங்கு கிட்டதான் சமையல் பொருளுக்குப் போகும்ங்கிறது.

ஒரு சின்னத் தகவல், உங்களுக்கு உதவும். பில்லுல தானாவே சேர்க்கிற சர்வீஸ் சார்ஜ், வரி கிடையாது. அதைக் கட்டாயமா வாங்கக்கூடாதுன்னு 2022-ல நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் சொல்லுச்சு. 2025 மார்ச்ல டெல்லி ஹைகோர்ட்டும் அதை உறுதி பண்ணுச்சு. எடுக்கச் சொல்லிக் கேக்கலாம். கூச்சப்படாதீங்க.

நாக்கும் ஏமாறும்

"அப்படின்னா விலை கூடின இடத்துல சாப்பிட்டவங்க எல்லாரும் நல்லா இருக்குன்னு ஏன் சொல்றாங்க?"ன்னு கேப்பீங்க. பொய் சொல்லல. அவங்களுக்கு உண்மையிலேயே நல்லா இருக்கு.

2008-ல அமெரிக்காவுல ஸ்டான்ஃபோர்ட், கால்டெக் ஆராய்ச்சியாளர்கள் ஒரு சோதனை பண்ணாங்க. ஆட்களை ஸ்கேனர்ல படுக்க வச்சு, ஒயினைச் சின்னச் சின்ன மடக்கா குடுத்தாங்க. ஒரே ஒயினை ஒரு தடவை 10 டாலர்னு சொல்லியும், இன்னொரு தடவை 90 டாலர்னு சொல்லியும் குடுத்தாங்க. 90 டாலர்னு சொன்னப்போ "இது இன்னும் நல்லா இருக்கு"ன்னாங்க. மூளையில இன்பத்தை உணர்ற பகுதியும் கூடுதலா வேலை செஞ்சுச்சு. அப்புறம் விலையே சொல்லாம குடுத்தப்போ அந்த வித்தியாசம் காணாமப் போச்சு.

அப்போ விலை, ருசியை அளக்குற கருவியா மட்டும் இல்ல. அது ஒரு மசாலா மாதிரி, குழம்புக்குள்ளயே விழுந்துடுது. 1899-லயே தார்ஸ்டைன் வெப்லன் இன்னொரு பக்கத்தைச் சொல்லிட்டார்: சில செலவோட பயனே, அது செலவுன்னு மத்தவங்களுக்குத் தெரியுறதுதான். நான் ஆபீஸ் ஃப்ரெண்ட்ஸோட அந்த மாதிரி இடத்துல சாப்பிடும்போது எனக்கு எல்லாமே ருசியா இருந்திருக்கு. எங்கப்பா அம்மாவுக்கு அந்த மசாலா வேலை செய்யல. அவங்களுக்கு விலை தெரியாது, நான்தான் மறைச்சிட்டேனே. மூணு பேர்ல அவங்க ரெண்டு பேரும்தான் விலையோட நிழல் விழாம சாப்பிட்டவங்க. குழம்பு ஆறிப்போச்சு, புரோட்டா பழசுன்னு கண்டுபிடிச்சதும் அவங்கதான்.

மலிவுக்கும் ஒரு பில் இருக்கு

இந்த இடத்துல எபிசோடை முடிச்சிருந்தா லைக்ஸ் நெறைய வரும். "ரோட்டுக்கடைதான் பெஸ்ட், ஸ்டார் ஓட்டல் எல்லாம் வேஸ்ட்"னு கமென்ட்ஸ் குவியும். ஆனா நான் விஸ்வநத்தத்துக்காரன். மலிவு விலையோட மறுபக்கத்தை வீட்டுக்குள்ளயே பார்த்து வளர்ந்தவன்.

மொதல்ல பெங்களூர் கதை. எம்.டி.ஆர். 1924-ல மையா சகோதரர்கள் ஆரம்பிச்ச ஓட்டல். அப்போ அதோட பேரே "பிராமின் காபி கிளப்". 70-கள்ல எமர்ஜென்சி வந்தப்போ, ஓட்டல் பண்டங்களுக்கு இவ்வளவுதான் வாங்கணும்னு அரசாங்கம் உச்சவரம்பு வச்சுச்சு. அந்த விலைக்கு நெய்யையும் முந்திரியையும் கொறைக்கணும், இல்லன்னா நஷ்டத்துல ஓடணும். எம்.டி.ஆர். தரத்தைக் கொறைக்காம அந்த விலைக்கே வித்து, ஒவ்வொரு நாளும் எவ்வளவு நஷ்டம்னு போர்டுல எழுதி வச்சாங்க. ரொம்ப நாள் தாங்கல. ஓட்டலை மூடிட்டாங்க. அப்புறம் பல வருஷம் கழிச்சுத்தான் திறந்தாங்க. இடைப்பட்ட காலத்துல அவங்க கவனம் பாக்கெட் மாவு, ரெடி மிக்ஸ் பக்கம் போச்சு. இன்னிக்கு நம்ம பேச்சிலர் ரூம் அலமாரில இருக்கிற அந்த ரவா இட்லி மிக்ஸ் பாக்கெட்டுக்குப் பின்னாடி இப்படி ஒரு விலைக் கட்டுப்பாட்டுக் கதை இருக்கு.

ஆக, நல்ல பொருளுக்கு ஒரு அடி விலை இருக்கு. அதுக்குக் கீழ போனா யாரோ ஒருத்தர் மிச்சத்தைக் கட்டியாகணும். 2013-ல சென்னையில தொடங்கின அம்மா உணவகத்துல இட்லி ஒரு ரூபாய். மிச்சத்தை மாநகராட்சி கட்டுச்சு, அதாவது நம்ம வரி. அது வெளிப்படையான கணக்கு. பசிக்கிற ஊருக்குத் தேவையான கணக்கும்கூட. ஆனா யார் கட்டுறாங்கன்னே தெரியாத மலிவும் இருக்கு.

80 சதவீதத் தள்ளுபடின்னு வாங்குற பட்டாசு, கடைசியில நிஜமாவே கம்மி விலைதான். அந்தக் கம்மி விலை எங்க இருந்து வருது? பெரும் பகுதி கையால செய்ற வேலை, எண்ணிக்கைக்குக் கூலி. அம்மா வேலை முடிஞ்சு வந்தா நகக்கண்ணுல மருந்து ஒட்டியிருக்கும். சோறு பிசையறதுக்கு முன்னாடி சீயக்காய் போட்டுத் தேய்ப்பாங்க. சீசன் நேரத்துல ஆர்டர் முடிக்கிற அவசரத்துல, அனுமதிச்ச அளவுக்கு மேல மருந்தும், அனுமதிச்ச எண்ணிக்கைக்கு மேல ஆளும் ஒரே ரூம்ல இருந்தா என்ன ஆகும்ங்கிறது எங்க ஊர்க் குழந்தைக்கும் தெரியும். 2012 செப்டம்பர் 5, முதலிப்பட்டி விபத்து. முப்பதுக்கும் மேல உயிர் போச்சு. அன்னிக்கு மத்தியானம் நான் ஸ்கூல்ல இருந்தேன். அம்மா வேற பக்கம் ஆபீஸ்லதான் வேலை பார்த்தாங்க, ஆனா சாயங்காலம் அவங்க வீட்டுக்கு வர்ற வரைக்கும் எனக்கு அது நிச்சயமாத் தெரியாது.

அதனால "மலிவா இருக்கு, அதனால நேர்மையா இருக்கு"ன்னு யாராவது சொன்னா எனக்கு ஒப்புக்க முடியாது. நாப்பது ரூபாய் சாப்பாட்டுக்குப் பின்னாடி திரும்பத் திரும்பக் காய்ச்சின எண்ணெய் இருக்கலாம், பதினாலு மணி நேரம் நிக்கிற ஒரு பையன் இருக்கலாம். கூடின விலை தரத்துக்குச் சாட்சி கிடையாது. கொறைஞ்ச விலையும் கிடையாது.

நத்தைக்கு நட்சத்திரம்

விலையும் ருசியும் தனித்தனி ரோடுல போறதுக்கு ரெண்டு உதாரணம்.

ஒண்ணு, சிங்கப்பூர். 2016-ல சான் ஹோன் மெங்ங்கிற சமையல்காரரோட சைனாடவுன் தள்ளுவண்டி மாதிரியான சின்னக் கடைக்கு மிஷலின் நட்சத்திரம் கிடைச்சுச்சு. சோயா சாஸ் கோழிச் சோறு, சுமார் ரெண்டு சிங்கப்பூர் டாலர். வெள்ளை மேஜைவிரிப்பு கிடையாது, உணவு அங்காடியில ஒரு ஸ்டால். அப்புறம் கிளைகள் பெருகுச்சு. 2021-ல நட்சத்திரம் போயிடுச்சு.

இன்னொண்ணு நம்ம ஆளு. விஜய் குமார், திண்டுக்கல் மாவட்டம் நத்தம் பக்கத்துக்காரர். நியூயார்க்ல 2021-ல திறந்த "செம்ம" ரெஸ்டாரன்ட்டோட செஃப். 2022-ல மிஷலின் நட்சத்திரம், 2025-ல ஜேம்ஸ் பியர்ட் விருது. அந்த மெனுவுல பேர் வாங்கின ஐட்டம் என்ன தெரியுமா? நத்தைப் பிரட்டல். வயக்காட்டுல பொறுக்கிட்டு வர்ற நத்தை. காசில்லாத வீட்டுக் கறி. பள்ளிக்கூடத்துல இதைச் சாப்பிட்டேன்னு சொல்லவே கூச்சப்பட்ட பண்டம் அது.

இதைப் படிச்சப்போ எனக்கு ஒரு பக்கம் பெருமை, ஒரு பக்கம் குழப்பம். மன்ஹாட்டன்ல விலை கூடினதாலயா அந்த நத்தை நல்ல சாப்பாடு ஆச்சு? வயக்காட்டுல இலவசமா கிடைச்சப்பவே அது அதே நத்தைதானே. அந்த ஊர்ப் பாட்டிகளோட கைக்கு யாரும் விலை அச்சடிக்கல, அவ்வளவுதான். ஆனா விஜய் குமார் விஷயத்துல விலை ஒரு நல்ல காரியத்தையும் செஞ்சிருக்கு. கூச்சத்தை எடுத்திருக்கு. மெனுவுல "நத்தைப் பிரட்டல்"னு தமிழ்ப் பேரோடயே நிக்குது.

அப்பாவுக்குப் பதில்

கடைசியா, அப்பா கேட்ட கேள்விக்கு வர்றேன்.

ஏமாந்தேனா? சட்டப்படி இல்ல. நாற்காலிக்கும் காத்துக்கும் கோல்டு ஃபாயிலுக்கும் காசு குடுத்தேன், அதெல்லாம் கிடைச்சுச்சு. சாப்பாடு நல்லா இருக்கும்னு அந்த எண்ணே உத்தரவாதம் குடுத்ததா நானா நினைச்சுக்கிட்டேன். அங்கதான் ஏமாந்தேன்.

காட்டணும்னு கூட்டிட்டுப் போனேனா? ஆமாப்பா. முப்பது வருஷம் நீங்க வெட்டிக் குடுத்த அட்டையெல்லாம் எந்த மாதிரி மேஜைக்குப் போச்சோ, அந்த மேஜையில நீங்க உக்காரணும்னு இருந்துச்சு. எந்தக் கதவு வழியா நம்ம தாத்தாவை உள்ள விட்டிருக்க மாட்டாங்களோ, அங்க ஒருத்தர் உங்களுக்குக் கதவைத் திறந்து விடணும்னு இருந்துச்சு. அதுக்கு 7,840 கூடுதலான்னு எனக்கு இன்னும் சொல்லத் தெரியல. ஆனா விலையை மறைச்சது தப்பு. நீங்க சம்மதிக்காத செலவுல உங்களைப் பெருமைப்படுத்தப் பார்த்தேன்.

இதை அவர்கிட்ட போன்ல சொல்லல. போன மாசம் ஊருக்குப் போனப்போ சொன்னேன். சனிக்கிழமை. எங்க ஊர்ல வாரச் சம்பள நாள். சின்ன வயசுல இருந்தே சனிக்கிழமை ராத்திரின்னா எண்ணெய் புரோட்டாதான். மத்த ஊர்ல கல்லுல சுடுவாங்க, எங்க மாவட்டத்துல எண்ணெயில பொரிச்சு எடுப்பாங்க. வழக்கமான கடைக்குப் போனோம். மெனு கார்டு கிடையாது. அப்பா உக்காரல, நேரா சட்டிகிட்ட போய் எண்ணெயோட நிறத்தைப் பார்த்தார். விருதுநகர் வியாபாரி வத்தலைப் பார்க்கிற மாதிரியே. "இன்னைக்கு ஊத்தினதா?"ன்னு கேட்டார். மாஸ்டர் "சாயங்காலம் மாத்தினது அண்ணாச்சி"ன்னார். அதுக்கப்புறம்தான் உக்காந்தார்.

நான் எல்லாத்தையும் சொல்லி முடிச்சேன். சால்னாவை ஊத்திக்கிட்டே கேட்டுட்டு, "சரி, அடுத்த தடவை கூட்டிட்டுப் போனா பில்லை என்கிட்ட குடு. நானும் பாக்குறேன், எந்த பிரஸ்ல அடிச்சிருக்கான்னு"ன்னார்.

அடுத்த தடவைன்னு ஒண்ணு இருக்குன்னு அப்போதான் தெரிஞ்சுச்சு.

மக்களே, உங்க வீட்டுல முதல் தடவையா ஒரு "பெரிய ஓட்டலுக்கு"ப் போன கதை இருந்தா, வாய்ஸ் நோட்டா அனுப்புங்க. யார் பில் கட்டினாங்க, யார் விலையை மறைச்சாங்கன்னு உண்மையைச் சொல்லணும். அடுத்த எபிசோட்ல பார்ப்போம்.